பதினேழு சொன்னது யார்?

ஜூன் 5

விசில் அக்காவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் இருந்தது. அதைப் படிப்பதற்குள் நீங்கள் விசிலை ஊதி எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். எல்லோரையும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒருவரை ஏற்றவில்லை. அந்த ஒருவர் என் மாமா, அம்மாவின் அண்ணன், உங்கள் பட்டியலில் பதினேழாம் நம்பர். அம்மா பதினாறு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழியெல்லாம் வாயாடிக்கொண்டு வந்த பதினெட்டு நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை ‘காலையில் மலைக்கோயில், மாலையில் மீனவர் கிராமம், ஒரே நாளில் மலையும் கடலும்’ என்று உங்கள் கம்பெனி போட்ட சுற்றுலாவில் மாமாவுக்கு மலை மட்டும்தான் கிடைத்தது. அதுவும் தேவைக்கு மேலேயே கிடைத்தது. நாலு மணி நேரம் மலையில் மலைத்துப்போய் நின்றுவிட்டு, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் லாரியில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார். செல்போன், பர்ஸ் எல்லாம் பஸ்ஸுக்குள் இருந்த பையில். யாருடைய போன் நம்பரும் அவருக்கு மனப்பாடமில்லை.

அவர் உங்கள் கம்பெனிக்கு எழுதிய புகாரின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் என் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓர் இடத்தில் ‘மறந்துவிட்டார்கள்’ என்று எழுதினேன். மாமா என் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

“‘மறந்துட்டாங்க’ன்னு எழுதாத. ‘விட்டுட்டுப் போயிட்டாங்க’ன்னு எழுது. மறக்கிறதுக்கு நான் என்ன குடையா?”

அவர் தையல்காரர். ஐம்பத்திரண்டு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. இந்தப் பயணத்துக்கென்றே நீலத்தில் ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கோயில் வாசல் காவலாளி, பின்பக்கப் பாறையில் ஏறி நின்றால் தூரத்தில் கடல் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். மாலையில் கிட்டத்திலேயே பார்க்கப்போகிற கடலை மத்தியானமே எட்டிப் பார்க்கப் போனவர், திரும்பி வந்தபோது பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்திருக்கிறது.

ஆட்களை எண்ணாமல் பஸ்ஸை எடுத்தது ஏன்? புகாரிலும் அதைத்தான் கேட்டிருக்கிறோம். தனியாக உங்களிடமும் கேட்கிறேன். எனக்கு வயது பதினாறுதான், ஆனால் கோபத்துக்கு வயது கிடையாது.

பதினெட்டு


ஜூன் 9

பதினெட்டாம் நம்பருக்கு,

புகாரைப் படித்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ‘எண்ணாமல்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் பொய்.

எண்ணினேன். நான் எண்ணும் முறை உனக்குத் தெரியும், காலையில் மைக்கில் சொன்னேன். பஸ்ஸில் தலையை எண்ணினால் தப்பு வரும். குழந்தைகள் சீட்டுக்கு அடியில் போகும், பெரியவர்கள் இடம் மாறி உட்காருவார்கள். அதனால் ஆளுக்கொரு நம்பர் கொடுத்து, கிளம்பும்போது வரிசையாகக் குரல் கொடுக்கச் சொல்கிறேன். இது நான் கொண்டுவந்த முறை. ஆறு வருஷமாக இதில் ஒரு ஆள்கூடத் தொலைந்ததில்லை.

அன்றைக்கு மலையில் பன்னிரண்டே காலுக்கு ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை எல்லா நம்பரும் வந்தது. பதினேழும் வந்தது. மெல்லிய குரல், மூக்கால் இழுத்துக்கொண்டு, “பதி...னேழு” என்று. காலையில் முதலில் கிளம்பும்போது உன் மாமா எப்படிச் சொன்னாரோ அச்சு அசலாக அப்படியே. ட்ரிப் ஷீட்டில் டிக் போட்டேன். டிரைவருக்கு விசில் கொடுத்தேன்.

பாறை மேல் நின்றுகொண்டிருந்த மனிதர் பஸ்ஸுக்குள் பேச முடியாது. அப்படியானால் பதினேழு சொன்னது யார்? அவருக்குப் பக்கத்து சீட்டு உன்னுடையது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

வழிகாட்டி


ஜூன் 12

விசில் அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறது நியாயம். ஆளைத் தொலைத்தது நீங்கள், பழியைச் சுமப்பது பக்கத்து சீட்டா? எண்ணுவது உங்கள் வேலை. எண்ணிப் பார்ப்பதும் உங்கள் வேலைதான். பதினேழு என்று சத்தம் வந்தால் திரும்பி அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டாமா? நீங்கள் படிக்கட்டில் நின்றுகொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அட்டையை முழங்காலில் வைத்து டிக் அடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகுக்குக் கண் இருக்கிறதா என்ன?

அது மலை. மலையில் எதிரொலி கேட்கும். அம்மா பதினாறு என்று சொன்னது எங்காவது பட்டுத் திரும்பி வந்திருக்கும். நீங்கள் ஏதோ ஒரு ஞாபகத்தில் டிக் போட்டிருப்பீர்கள்.

இங்கே மாமாவின் நிலைமை தெரியுமா? கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும், போன மாதம் அளவு கொடுக்கும்போதே அவர் சொல்லி வைத்திருந்ததால், கடலைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. நேற்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பேண்ட்டைச் சுருக்க வந்தார்.

“என்னங்க, கடல் எப்படி இருந்துச்சு?”

“உப்பா இருந்துச்சு” என்றார் மாமா, தலையைத் தூக்காமல்.

நீலச் சட்டையை மடித்துப் பரண் மேல் போட்டுவிட்டார். இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

என்னைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. போனில் இதையெல்லாம் இன்னும் சூடாகச் சொல்லியிருப்பேன். போனை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அது வேறு கதை, உங்களுக்குச் சம்பந்தமில்லாதது.

பதினெட்டு


ஜூன் 15

பதினெட்டாம் நம்பருக்கு,

பதினாறு என்று சொன்னால் பதினேழு என்று திரும்பி வருகிற மலையை நான் இதுவரை பார்க்கவில்லை. நீ பார்த்திருந்தால் கம்பெனிக்குச் சொல், தனியாக ஒரு சுற்றுலா போடுவார்கள்.

இப்போது என் நிலைமையைக் கேள். பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏற அனுமதி இல்லை. ஆபீஸின் பின்னறையில் உட்கார்ந்து, பயணிகள் விட்டுப்போன சாமான்களுக்குச் சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று பதினோரு குடை. உன் மாமா சொன்னது ஞாபகம் வந்தது.

வருகிற 28ஆம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. ‘எண்ணாமல் வண்டியைக் கிளப்பினார்’ என்று முடிவானால் பேட்ஜ் ரத்து. ரத்தானால் எந்தக் கம்பெனியிலும் வழிகாட்டி வேலை பார்க்க முடியாது. வழிகாட்டித் தேர்வை மூன்று தடவை எழுதி வாங்கிய பேட்ஜ் அது. எனக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணினேன் என்று சொன்னாய். சொல்லிக்கொள். ஆனால் பஸ் கிளம்பிய பிறகு நான் முன்சீட்டில் உங்களைப் பார்த்துத்தான் உட்கார்ந்து வந்தேன். மலை இறங்கும்போது ஆறாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் உன் வாய் மூடவில்லை. டிரைவரைப் போலப் பேசினாய், என்னைப் போல மைக்கில் பேசிக் காட்டினாய், பின்சீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழாவது வளைவில் நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. வாந்தி வருகிறதோ என்று ஒரு காகிதப் பை கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாய். கிராமத்தில் இறங்கும்போது அதை மடித்தபடியே என்னிடம் திருப்பிக் கொடுத்தாய்.

உனக்கு வாந்தி வரவில்லை. வந்தது என்ன?

வழிகாட்டி


ஜூன் 19

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். அதனால் என் மேல் இரக்கப்பட வேண்டியதில்லை, கிழித்தது காகிதம்தான்.

பதினேழு சொன்னது நான்.

கோபப்படுவதற்கு முன்னால் முழுக்கப் படியுங்கள். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள், அவளை உலுக்கித்தான் பதினாறு சொல்ல வைத்தேன். அப்போது பின்வாசல் வழியாக ஒரு நீலச் சட்டை ஏறுவதைப் பார்த்தேன். மாமாதான், காற்றுக்காகப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் எதையும் நிதானமாகத்தான் சொல்லுவார், நம்பர் வந்தால் தொண்டையைக் கனைத்து, இடுப்பில் கை வைத்து, அப்புறம்தான் வாய் திறக்கும். அதற்குள் நீங்கள் மறுபடி கேட்பீர்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். உதவியும் ஆயிற்று, வேடிக்கையும் ஆயிற்று என்று நினைத்தேன். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது? நீங்கள் திரும்பிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

ஏழாவது வளைவில் அந்த நீலச் சட்டை பின்னாலிருந்து எழுந்து டிரைவரிடம் தண்ணீர் கேட்க முன்னால் போயிற்று. அது மாமா இல்லை. யாரோ ஒரு மீசைக்காரர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தெரியும். வாயைத் திறந்தேன், அதற்குள் நீங்கள் பையைக் கையில் வைத்தீர்கள். பையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். ஏன் என்றால், போன மாதம் நான் அம்மா குரலில் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி எனக்கே லீவு கேட்டேன். அதில்தான் போன் பீரோவுக்குள் போயிற்று. இனிமேல் யார் குரலிலாவது பேசினாய் என்று தெரிந்தால் பள்ளிக்கூட நாடகக் குழுவிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? எனக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும். மாமா அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார், காவலாளியிடம் போன் வாங்கிப் பேசுவார் என்று வளைவுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். வளைவுகள் தீர்ந்துவிட்டன. சமாதானமும் தீர்ந்துவிட்டது.

கிராமத்தில் நீங்கள் கோயில் ஆபீஸுக்குப் போன் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினீர்கள். ஆபீஸ் நாலு மணிக்குத்தான் திறக்கும் என்பது உங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அம்மாவும் நானும் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, எங்கள் அம்மா அழுவதைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள்.

“யாரும்மா காணோம்? கடல்லயா?”

“இல்லங்க. மலையில.”

“அப்ப வந்துருவாரு” என்று சொல்லி, அம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய் மறுபடி மீனைப் பிரிக்க ஆரம்பித்தாள். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். விசாரணையில் நீங்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஆறு வருஷ அனுபவம் இருக்கிறது.

பதினெட்டு


ஜூன் 22

பதினெட்டாம் நம்பருக்கு,

எப்படியாவது சமாளித்துக்கொள்வீர்கள் என்று எழுதுவதற்கு உனக்கு எவ்வளவு தைரியம்.

கணக்குச் சொல்கிறேன், கேள். ஏழாவது வளைவைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு நாற்பது. எட்டாவது வளைவில் பஸ்ஸைத் திருப்ப அகலமான இடம் இருக்கிறது. திருப்பியிருந்தால் ஒரு மணி ஐந்துக்குள் மேலே போயிருப்போம். உன் மாமாவை ஏற்றிக்கொண்டு மூன்றேகாலுக்குக் கடற்கரையில் இறக்கியிருப்பேன். அவர் கடலைப் பார்த்திருப்பார். உன் அம்மா படகின் மேல் உட்கார்ந்து அழுதிருக்க மாட்டாள். நான் குடைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன். நீ குரல் கொடுத்தது பிள்ளை விளையாட்டு, விட்டுவிடலாம். தெரிந்த பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு வந்தாயே, அதை விளையாட்டு என்று சொல்லாதே. அதற்குப் பிறகு உட்கார்ந்து என்மேல் புகார் வேறு எழுதினாய். முத்து முத்தாக.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவர்களிடம் போய்ச் சொல். 28ஆம் தேதி உன் மாமாவை வரச் சொல்லியிருக்கிறார்கள், புகார் கொடுத்தவர் என்பதால். நீயும் வந்து சொல்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கம்பெனிப் புத்தகத்தில் ‘முகம் பார்த்து எண்ண வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. குரலே போதும் என்று நான்தான் முடிவு செய்தேன். முதுகைக் காட்டியது என் தப்பு. அதை நானே விசாரணையில் சொல்லிவிடுவேன், நீ சொல்லித்தர வேண்டாம். என் தப்புக்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்கிறேன். உன்னுடையதையும் சேர்த்து வாங்க முடியாது.

நாடகக் குழுவா, என் பேட்ஜா என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். நன்றாக யோசி. ஆறு நாள் இருக்கிறது.

வழிகாட்டி


ஜூன் 29

அக்கா,

நேற்று நான் உள்ளே போனதும் உங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. நானே எழுதிவிடுகிறேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவும் மாமாவும் சுவர் ஓரமாக நாற்காலியில். ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் கூட வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் குரல் கொடுத்ததை, ஏழாவது வளைவை, பையை. அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் நம்பவில்லை. இது நான் எதிர்பார்க்காதது. நான் பொய் சொன்னபோதெல்லாம் உலகம் நம்பியது, முதல் தடவை உண்மையைச் சொன்னபோது மூன்று பெரியவர்கள் தலையை ஆட்டிச் சிரிக்கிறார்கள்.

“அந்த வழிகாட்டியம்மா சொல்லச் சொன்னாங்களா? பயப்படாம சொல்லு” என்றார் நடுவில் இருந்தவர்.

ஆதாரம் இருக்கிறது என்று உங்கள் கடிதங்களை எடுத்து நீட்டினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அவர் படித்தார். ‘நீயும் வந்து சொல்’, ‘ஆறு நாள் இருக்கிறது’ என்ற வரிகளுக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டார். ஒரு சின்னப் பெண்ணை மிரட்டிச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உங்களைக் காப்பாற்றப் போன நான் உங்களை இன்னும் ஆழமாகக் குழியில் தள்ளிவிட்டேன் என்று புரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது.

வேறு வழியே இல்லை, அக்கா. நான் செய்து காட்டினேன்.

தொண்டையைக் கனைத்தேன். இடுப்பில் கை வைத்தேன். மூக்கைச் சுருக்கி இழுத்தேன். “பதி...னேழு.” அப்படியே வந்தது. அதைவிட நன்றாக நான் ஒருநாளும் செய்ததில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார்.

நான் எதைச் செய்து காட்டினாலும் யாராவது ஒருவர் சிரிப்பார். நேற்று யாரும் சிரிக்கவில்லை.

மாமா இடுப்பில் இருந்த தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“நான் அப்படியா பேசுறேன்?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் நம்பிவிட்டார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டு உங்களைக் கூப்பிட்டார்கள். வாசலில் நீங்கள் என்னைக் கடந்து போனீர்கள். பஸ் ஸ்டாண்டில் மாமா மூன்று டிக்கெட் வாங்கி இரண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நாடகக் குழு போயிற்று. அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது கை வரவில்லை.

முடிவு என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் பேட்ஜ் வரவில்லை என்றால் நான் மறுபடி வந்து அந்த மூன்று பேர் குரலிலும் பேசிக் காட்டுவேன்.

பதினெட்டு


ஜூலை 9

பதினெட்டாம் நம்பருக்கு,

யார் குரலிலும் பேச வேண்டாம். பேட்ஜ் வந்துவிட்டது.

கூடவே எச்சரிக்கைக் கடிதமும் வந்தது, இனிமேல் முகம் பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்று. நான் மிரட்டியதாக எழுதிய வரியை அடித்துவிட்டார்கள். அடிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள். ஆறு வருஷத்தில் நான் இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்ததில்லை. உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், நீ வந்து சாட்சி சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

கம்பெனி உன் மாமாவையும் அம்மாவையும் மறுபடி அதே சுற்றுலாவுக்கு அழைத்தது. உன்னை அழைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். உன் மாமா சாதாரண வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்.

கோயிலில் இருந்து கிளம்பும்போது நான் பஸ்ஸுக்குள் நடந்து போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினேன். பழக்கதோஷத்தில் எல்லோரும் நம்பரையும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். உன் அம்மா பதினாறு என்றாள். உன் மாமா சொல்லவில்லை. கையைத் தூக்கினார். நான் நின்றேன். அவர் கையைக் கீழே போடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க ஒன்றும் இல்லை. நான் டிக் போட்டேன்.

கடற்கரையில் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றார். உன் அம்மாதான் பேசிக்கொண்டே இருந்தாள், அலை பெரியதா, தண்ணீர் குளிர்கிறதா என்று. எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டினார். மீன் பிரிக்கிற அந்த அம்மா வந்து, மலையில் காணாமல் போனவர் இவர்தானா என்று கேட்டாள். அதற்கும் தலைதான் ஆட்டினார். பஸ்ஸில் ஏறும்போது நான், “சார், கடல் எப்படி இருந்தது?” என்று கேட்டேன். சிரித்தார். நல்ல சிரிப்புதான். பதில் வரவில்லை.

கடையில் அளவு எழுதிக்கொள்ளும்போதுகூட இப்போதெல்லாம் சீட்டில் எழுதித்தான் காட்டுகிறார் என்று உன் அம்மா சொன்னாள். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். நான் சொல்கிறேன்.

என்னிடமிருந்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவரிடமிருந்து நீ எடுத்ததை யார் கொடுப்பார்கள்?

வழிகாட்டி


ஜூலை 12

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மேல் கோபப்பட்டேன். அம்மா சொல்ல வேண்டாம் என்றதை ஏன் சொன்னீர்கள் என்று. அந்தக் கோபம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

மாமாவிடம் என்ன சொல்வது என்று மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறேன். ஒரு தடவை வாயைத் திறந்தால் அம்மா மாதிரி வருகிறது. இன்னொரு தடவை பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மாதிரி. இன்று காலை உங்களை மாதிரியே வந்தது, மைக் பிடித்த மாதிரி கையும் தானாக மேலே போய்விட்டது. நாலாவது தடவை என்ன வந்தது என்று சொல்ல மாட்டேன். அது வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கென்று எது வரும் என்று தெரியவில்லை. இத்தனை நாள் அதைக் கேட்டுப் பார்த்ததே இல்லை.

நாளைக்கு அவர் கடை திறந்ததும் போகிறேன். முதல் ஆள் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும். எது வருகிறதோ அதில் பேசிவிடுகிறேன்.

பதினெட்டு